இரவல் விலாசம்

என் ராசாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கறி கிடக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. உன் மகள் மீராவை வருகிற செப்ரெம்பரில் இங்கே ஸ்ரௌவ்வில்லில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு எங்கள் விலாசத்தைக் கொடுக்கட்டுமா என்று கேட்டாய். ஸ்காபுறோவில் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைவிட இதற்கு மாகாணச் சோதனையில் புள்ளி கூட, ஆனால் இந்தப் பக்கத்து விலாசம் உள்ள பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள் என்றாய். "ஜஸ்ற் ஒரு அட்ரஸ்தானே அம்மா. நீங்கள் எனக்குச் செய்ததைத்தானே நான் அவளுக்குச் செய்யப்போறன்" என்றாய். அந்தக் கடைசி வசனத்தை நீ நன்றியோடு சொன்னாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இரண்டு ஏச்சு ஏசிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நன்றியோடு சொன்னபடியால்தான் இந்த மேசையில் வந்து இருக்கிறேன்.

நேரே சொல்லலாம்தான். ஆனால் உன் அம்மாவை உனக்குத் தெரியும், வாய் திறந்தால் எதையும் பகிடியாக்கிவிடுவேன். இந்த ஒரு கதையை இவ்வளவு காலமும் பகிடியாகச் சொல்லிச் சொல்லித்தான் உன்னைப் பிழையாக நம்ப வைத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும். மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி.

எனக்கு வாழ்க்கையில் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். ஊரில் ஐந்தாம் வகுப்பில் வைக்கிற ஸ்கொலசிப். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடம் கூப்பிடும், கீழே வந்த பிள்ளை பழைய பள்ளிக்கூடத்தில் இருந்த வாங்கிலேயே இருக்க வேண்டியதுதான். நான் கீழே வந்த பிள்ளை. அதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை, கெட்டிக்காரி என்றுதான் காட்டிக்கொண்டேன். அதனால் தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் ஸ்காபுறோவில், டோர்செட் பார்க்கில் அந்த உயர்ந்த கட்டடத்தில் இருந்த காலத்தில், மாகாணம் முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே சோதனை வைக்கப்போகிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது, எனக்கு அந்த வெட்டுப்புள்ளிதான் ஞாபகம் வந்தது. இந்தச் சோதனையில் ஒரு பிள்ளையும் பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை என்று ரீச்சர் சொன்னதாக நீ சொன்னாய். பாஸும் ஃபெயிலும் இல்லாமல் ஒரு சோதனை உலகத்தில் இருக்குமா? மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். உன் பெயர் நட்சத்திரத்துக்குக் கோயிலில் அர்ச்சனை வைத்தேன். விடிய எழுப்பித் தோய வார்த்து, திருநீறு பூசி அனுப்பினேன். உனக்குப் பிடித்த முட்டைப் பொரியலைக்கூட அந்த நாட்களில் பொரிக்கவில்லை, சோதனைக்குப் போகிற பிள்ளைக்கு முட்டையா என்று. அதுவும் ஒரு நாளில் முடிகிற சோதனையா? நாள் கணக்காக இழுபட்டது. ஒரு நாள் நீ வந்து, "அம்மா, இண்டைக்குக் கட்டையளை அடுக்கிக் கணக்குச் செய்தனாங்கள், நல்ல ஃபன்" என்றாய். சோதனை எழுதிவிட்டு ஃபன் என்று சொன்ன பிள்ளையை நான் முறைத்துப் பார்த்தேன்.

மறுபடி இலைகள் உதிரத் தொடங்கியபோதுதான் முடிவு வந்தது. நீ அப்போது நாலாம் வகுப்பு. பழைய ரீச்சர்தான் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும். ஆகவே உன்னையே பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்க வைத்தேன். கணக்கில் மூன்றாம் நிலை, வாசிப்பில் இரண்டாம் நிலை. மூன்றாம் நிலைதான் மாகாணம் எதிர்பார்க்கிற மட்டம், வாசிப்பு இன்னும் கொஞ்சம் வர வேண்டும் என்று அவர் சொன்னதை நீ தலையைக் குனிந்துகொண்டு எனக்குச் சொன்னாய். உன் குறையை நீயே உன் வாயால் சொன்னாய், ராசா. ஒரு சொல்லைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே விளங்கப்போகிறது? நீ குறைக்கவில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான் கேட்டதெல்லாம், "வகுப்பில இவன் எத்தினையாம் பிள்ளை எண்டு கேள்" என்பதுதான். நீ கேட்டாய். அப்படி ஒரு வரிசை கிடையாது என்று ரீச்சர் சிரித்தார். திரும்பவும் கேட்கச் சொன்னேன். உன் காது சிவந்ததைக் கண்டும் கேட்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் இரவு வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "பெடியன் சிரிச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போறான், சிரிச்சுக்கொண்டு வாறான். உமக்கு வேற என்ன வேணும்?" என்றார். எனக்கு வேறு நிறைய வேண்டியிருந்தது.

பிறகு அந்தப் பேப்பர் வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, எந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் அந்த மூன்றாம் நிலையைத் தொட்டார்கள் என்று போட்டிருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் யாரோ பிள்ளையின் பிறந்தநாள் விழா. என் ஒன்றுவிட்ட தங்கை, உன் ராணி சின்னம்மா, அந்த வருடம்தான் ரூஜ்ஜில் புது வீடு வாங்கிப் போயிருந்தாள். அவளுடைய மனுசன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ரோல்ஸைக் கடித்தபடி, எல்லோருக்கும் கேட்க, "அக்கா, உங்கட பள்ளிக்கூடத்தைத் தேடுறன், கீழ போகப் போக இன்னும் வருதில்லை" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ரூஜ்ஜில் அவர்களுடைய பள்ளிக்கூடம் மேலே இருந்தது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற அந்தப் பத்து வயதுப் பிள்ளையாகத்தான் அந்த மண்டபத்தில் நான் கதிரையில் இருந்தேன்.

ராணி நல்லவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். பாத்திரம் கழுவும்போது என் காதுக்குள், "அக்கா, உங்கட பக்கம் புதிசா வந்த சனத்தின்ர பிள்ளையள் கூடிப்போச்சு. எங்கட விலாசத்தைக் குடுங்கோ, எங்கட பேஸ்மென்ற்றில இருக்கிறியள் எண்டு நான் எழுதித் தாறன். அதுக்கென்ன காசா பணமா?" என்றாள். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். புதிதாக வந்த சனம்! நாங்கள் வந்து இறங்கி எத்தனை குளிர்காலம் ஆகியிருந்தது? அந்தப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கத் தெரியாமல் இருந்த பிள்ளைகளில் பாதி எங்கள் லிப்ற்றில் ஏறி இறங்குகிற பிள்ளைகள். அவர்களிடமிருந்து உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கு முகம் கூசுகிறது.

அதன்பிறகு குசினியில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டே, "எங்க இருக்கிறாய்? வீட்டு நம்பர் என்ன? ரோட்டுப் பேர் என்ன?" என்று சின்னம்மா வீட்டு விலாசத்தைப் பாடமாக்கினேன். குளிக்கும்போது கேட்டேன், நித்திரையால் எழுப்பிக் கேட்டேன். ஒரே ஒரு தரம்தான் நீ மறுத்துக் கேட்டாய். "அம்மா, இது பொய்யெல்லோ?" "பொய் இல்லை, படிப்புக்குச் சொல்றது" என்றேன். அந்தப் பதிலை அந்த நேரம் எவ்வளவு கெட்டித்தனமான பதில் என்று நினைத்தேன் தெரியுமா? ரீச்சர் சொன்ன குறையைக்கூடக் குறைக்காமல் சொன்ன பிள்ளைக்கு நான் உட்கார்ந்திருந்து பொய் சொல்லிக் கொடுத்தேன். அதில் நீ முழுப் புள்ளியும் எடுத்தாய்.

நத்தார், புதுவருட விடுமுறை முடிய நீ ரூஜ் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். காலையில் அப்பா வேலை முடிந்து வந்த கையோடு காரில் கொண்டுபோய் விடுவார், நித்திரைக் கண்ணோடு. பின்னேரம் நீ சின்னம்மாவின் மகள் சுபாவோடு நடந்து அவர்கள் வீட்டுக்குப் போவாய். நான் பேக்கரி வேலை முடித்து, பஸ் மாறி வந்து உன்னைக் கூட்டிப்போவேன். படிப்பு எப்படி என்று கேட்டால், அதே புத்தகம்தான், அதே கட்டைகள்தான் என்பாய். அதை நான் காதில் வாங்கவில்லை. உன்னோடு படித்த ஒரு பெடியன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான், நீ போகவில்லை. போனால் திருப்பிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் வீடு எங்கே என்று சொல்ல வேண்டும். இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. நீயாகக் கணக்குப் பார்த்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று அவனிடம் சொல்லியிருந்தாய்.

மாசி மாதத்தில் அந்த நாள். சுபாவுக்குக் காதுக்குள் குத்துகிறது என்று சின்னம்மா அவளை டாக்டரிடம் கொண்டுபோயிருந்தாள். சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைத்தாளாம், அங்கே சனம் கூடிப்போய் நேரமாகிவிட்டது. நான் வேலையில், பேக்கரி நம்பர் அவளிடம் இருக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து மணியை அடித்து, கதவைத் தட்டி, வாசற்படியில் குந்திவிட்டாய். முன்வீட்டு வெள்ளைக்கார மனுசி கண்டு, வீட்டுச் செருப்போடு ஸ்நோவுக்குள் இறங்கி வந்து கேட்டிருக்கிறார். இது உன் வீடா? ஓம். கதவுத் திறப்பு இல்லையா? அம்மா வருவா. எங்கள் வீட்டுக்குள் வந்து இரு. மாட்டேன். அம்மாவின் போன் நம்பர் சொல்லு. தெரியாது. தெரியாதா உனக்கு, ராசா? பேக்கரி நம்பர் உனக்குத் தலைகீழாகத் தெரியும். அதைச் சொன்னால் ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும் என்று பயந்திருக்கிறாய். கடைசியில் அவர் ஒரு நீலக் கட்டம் போட்ட போர்வையைக் கொண்டுவந்து உன்னைச் சுற்றிவிட்டு, தன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் பஸ்ஸால் இறங்கி வந்தபோது இருண்டுவிட்டது. அந்தப் போர்வையைத்தான் முதலில் கண்டேன். யாரோ வந்து கதைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது. ஓடி வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன், "ஆருக்கும் எங்கட வீடு எங்கையெண்டு சொல்லிப்போட்டியோ?" உதடு நீலம் பாய்ந்துபோய், "இல்லையம்மா" என்றாய். "கெட்டிக்காரன்" என்றேன். பிறகுதான் உன்னை எழுப்பினேன். காற்சட்டை முன்பக்கம் நனைந்து விறைத்துப்போய் இருந்தது. அந்த மனுசி வீட்டுக் கக்கூசுக்குப் போனால் கேள்வி வரும் என்று அடக்கி, முடியாமல் போய், அதற்கு மேலே அந்தப் போர்வையைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாய்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் "கெட்டிக்காரன்" என்ற இடத்தோடு நிறுத்திவிடுவேன். மிச்சத்தை நீயும் நானும் மட்டும்தான் அறிவோம். இன்னுமொன்று உனக்கும் தெரியாது, நீ பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தாய். போர்வையை மடித்து அந்த மனுசியின் வாசலில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் ஓடிவந்துவிட்டேன். அடித்தால் விசாரிப்பார். என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு ஒரு தாங்க்யூ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலில் அவர் நின்றார். என்னைக் கண்டிருப்பார்.

அடுத்த நாள் உனக்குக் காய்ச்சல். கிளினிக்கில் பெயர் பதிகிற பிள்ளை, மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்து, உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். சும்மா பரிவாகக் கேட்டது. நீ நூல் பிடித்தமாதிரிச் சின்னம்மா வீட்டு விலாசத்தை முழுதாகச் சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாய். உடம்பு கொதிக்கிறது, கண் சொருகுகிறது, அந்த நேரத்திலும் நீ என்னிடம் புள்ளி எதிர்பார்த்தாய். அவள் என்னையும், எங்கள் உண்மையான விலாசம் எழுதியிருந்த உன் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவே இல்லை. "நாளைக்குப் போய்ப் பழைய பள்ளிக்கூடத்தில கதையும்" என்று மட்டும் சொன்னார்.

போனேன். காய்ச்சல் மாறியதும் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். நீ வகுப்புச் சுவரில் உன் பழைய கொளுவியில் குளிர்க்கோட்டைக் கொளுவினாய், அதில் இன்னொரு பெயரும் ஒட்டியிருக்கவில்லை. அந்த மூன்றாம் வகுப்பு ரீச்சர் ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. நானாகப் பேப்பரைப் பற்றிக் கேட்டேன், நீதான் திரும்பவும் மொழிபெயர்த்தாய். அன்றுதான் அந்தச் சோதனை எனக்கு முதன்முதலாக விளங்கியது. அந்த நம்பர் பிள்ளைக்குப் போடுகிற புள்ளி அல்ல, ரீச்சருக்குப் போடுகிற புள்ளியும் அல்ல. அந்த வருடம் அந்த வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு கோட்டைத் தொட்டார்கள் என்பது மட்டும்தான். வந்து சில மாதமான பிள்ளைகள், சோதனை எழுதாமல் விடப்பட்ட பிள்ளைகள், அவர்களையும் தொடாதவர்கள் என்றுதான் சேர்த்து எண்ணியிருந்தார்களாம். ஒரு பிள்ளை எங்கேயிருந்து புறப்பட்டு அந்த இடத்துக்கு வந்தது என்று பேப்பருக்குத் தெரியாது. "உங்கட மகன் முதலாம் வகுப்புக்கு வரேக்க ஒரு சொல் இங்கிலீஷ் இல்லை, இப்ப எனக்கு முன்னால இருந்து இரண்டு பாஷையில கதைக்கிறான் எண்டு சொல்றா அம்மா" என்றாய் நீ. சொல்லிவிட்டு வெட்கப்பட்டாய். உன்னைப் பற்றிய நல்ல சொல்லையும் நீ கூட்டாமல்தான் சொல்லியிருப்பாய். ரூஜ்ஜில் பிள்ளைகளுக்குப் பின்னேரம் ரியூசன் இருந்தது, இங்கிலீஷ் கதை வாசித்துக் காட்டத் தாய் தகப்பன் இருந்தார்கள். அந்த நம்பருக்குள் அதுவும் இருந்தது. நான் முழுவதையும் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

விளங்கிய பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெட்கத்தை வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது, அதைப் பகிடியாக்கினேன். "என்ர பெடியன் குளிருக்குள்ள விறைச்சாலும் விலாசத்தை விடேல்லை" என்று பிறந்தநாளிலும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டிலும் சொன்னேன். கடைசியில் உன் கலியாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. நீயும் மாலையோடு சிரித்தாய், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உன் மனைவி உன் முகத்தைப் பார்த்தாள். அவள் அந்த நேரமே ஏதோ விளங்கிக்கொண்டாள் என்று எனக்குப் பட்டது. சொல்லச் சொல்ல உனக்கே அது தியாகக் கதையாகிவிட்டது. அதனால்தான் நன்றியோடு என் விலாசத்தைக் கேட்கிறாய். என்னை மன்னி என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். எங்கள் விலாசத்தைத் தர மாட்டேன். உன் மகள் உன்னுடைய பிள்ளைதான், உன் முடிவில் தலையிட எனக்கு உரிமை இல்லை என்பாய். சரி, ஆனால் விலாசம் என்னுடையது. கோபித்துக்கொள், இரண்டு கிழமை போன் எடுக்காமல் இரு, பரவாயில்லை. இங்கே வீடு வாங்கி வருவதென்றால் வா, அவளும் தன் வீட்டு விலாசத்தைத் தானே சொல்லிக்கொண்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். இல்லையென்றால் இப்போது இருக்கிற இடத்திலேயே படிக்கட்டும். பள்ளிக்கூடம் விட அவளைக் கூட்டிவர ஆள் இல்லாவிட்டால் நான் வருகிறேன். இங்கே கார் இல்லாமல் பால் வாங்கவும் போக ஏலாது, அப்பாதான் கொண்டுவந்து விட வேண்டும். முணுமுணுப்பார், ஆனால் வருவார். அவளுடைய கதைப் புத்தகத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டட்டும், விளங்காததைக் கேட்கிறேன். அவள் எத்தனையாம் பிள்ளை என்று மட்டும் கேட்க மாட்டேன்.

அன்று அந்த வாசற்படியில் நான் உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அதை அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் கேட்கவில்லை. போனில் பதில் சொல்லாதே, வரும்போது என் பக்கத்தில் இருந்து சொல்லு.

உனக்கு நல்லாக் குளிர்ந்ததோ, ராசா?

அம்மா